மூச்சுப் பரிசோதனையை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊதினாலே நுரையீரல் புற்றுநோய் தெரிந்துவிடும் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நுரையீரல் செயல்திறனைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். அந்தச் செய்தியைக் கத்தரித்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். அவருக்கு ஸ்கேனில் 9 மில்லிமீட்டரில் ஒரு சிறு கட்டி தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஸ்பைரோமெட்ரி கருவியைக் காட்டி, "இதுல ஊதிட்டா அந்த ஸ்கேன் வேணாம்தானே?" என்று கேட்டார். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம் என்று மட்டும்தான் இது அளக்கும், காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று இதற்குத் தெரியாது என்றேன். முகம் வாடிவிட்டது.

ஆராய்ச்சி உண்மைதான். மூச்சுக்காற்றில் சுமார் 250 பொருட்கள் இருப்பதை 1971-லேயே அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங் காட்டினார். புற்றுநோய் செல்களிலிருந்து வரும் ஆவியாகும் சேர்மங்கள் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகின்றன என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு, கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு கார்போனைல் என்ற வகையைச் சேர்ந்த சில ஆவியாகும் சேர்மங்கள் மூச்சில் குறைந்ததைக் கண்டது. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் புற்றுநோயாளியை நல்ல ஆரோக்கியமானவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்று, கட்டி இருக்கும் இருவரில் யாருக்குக் கேன்சர், யாருக்கு வெறும் பழைய காசநோய்த் தழும்பு என்று சொல்வது வேறொன்று. இரண்டாவதுதான் கஷ்டம், நோயாளிக்குத் தேவையானதும் அதுதான். 2012-ல் கட்டி உள்ளவர்களை மட்டுமே வைத்து வெளிவந்த ஒரு ஆய்வில் இருந்தவர்கள் 72 பேர். அதில் கேன்சர் இல்லாதவர்கள் 19 பேர் மட்டுமே.

இன்னொன்று, மூச்சைச் சரியாகப் பிடிப்பதே பெரிய பாடு. தினமும் பார்க்கிறேன். வாய்க்குழாயைச் சுற்றி உதடு சரியாக மூடாமல் காற்று கசியும். பாதியில் இருமல் வரும். முதலில் வெளிவருவது வாயிலும் மூச்சுக்குழாயிலும் தங்கியிருந்த காற்று. நுரையீரலின் அடி ஆழத்துக் காற்று கடைசியில்தான் வரும். "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று நாங்கள் பக்கத்தில் நின்று சொல்வது அதற்காகத்தான். எங்கள் சோதனைக்கே இந்தப் பாடு என்றால், நூறு கோடியில் சில பங்கு அளவே இருக்கும் பொருளைத் தேடும் சோதனைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! கை துடைக்கிற ஸ்பிரிட்டின் வாடை, புதிதாக அடித்த பெயின்ட், கொஞ்ச நேரம் முன் பிடித்த சிகரெட், சாப்பிட்ட சாப்பாடு, போட்ட மாத்திரை எல்லாமே மூச்சில் தடம் விடும். ஒரே இடத்தில், ஒரே ஊழியர் எடுத்த மாதிரிகளில் நன்றாக வந்த முடிவு, வேறு இடத்தில், வேறு கையில் வருமா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவு சொல்வதால் நான் இதை வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சீக்கிரம் வரட்டும் என்று ஏங்குகிறவள் நான். அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து, 2011-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. அதே ஸ்கேனில் சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 96 சதவீதம் கேன்சரே இல்லை. அத்தனை பேரும் இடைப்பட்ட நாட்களில் என்ன பாடு பட்டிருப்பார்கள்! சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் காசநோய்க் கட்டியும் கேன்சர் மாதிரியே ஒளிரலாம். ஊசி போட்டுத் திசு எடுத்தால் சிலருக்கு நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து, அதை வெளியேற்ற மார்பில் குழாய் வைக்க வேண்டிவரும். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் நடுவே நின்று, "இவருக்கு ஊசி வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று தைரியமாகச் சொல்லக்கூடிய சோதனை வந்தால், அதைவிட நல்லது வேறென்ன? ஆனால் அந்தச் சொல் தப்பக்கூடாது. கேன்சரைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால், நம்பி வீட்டில் இருக்கும் மாதங்களில் அது வளர்ந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்தியைப் போடும்போது எத்தனை பேரிடம் சோதித்தார்கள், கட்டி உள்ளவர்களோடு ஒப்பிட்டார்களா அல்லது ஆரோக்கியமானவர்களோடா, புதிதாக வேறு ஆட்களிடமும் பார்த்தார்களா என்று விசாரித்து எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பதா, மருத்துவமனையில் கிடைப்பதா என்பதைத் தலைப்புக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், மறு ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் அந்தத் தேதியில் போய்விட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த அம்மா மடித்து வைத்திருந்த துணுக்கில் அந்த வரி இல்லை.

இப்படிக்கு,
நுரையீரல் செயல்திறன் சோதனைப் பிரிவு ஊழியர்