கல்லறைத் தோட்டப் பணி: செயலாளர் ஆண்டறிக்கை, கோத்தகிரி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில், "அடுத்த அறிக்கைக்குள் புதர் முழுவதையும் எடுத்துவிடுவோம்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன். எடுத்தோம். அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜூன், ஜூலை மாதங்களில் ஞாயிறுதோறும் கூடி, உண்ணிச்செடியையும் சீகை (வாட்டில்) மரக் கன்றுகளையும் கடப்பாரை போட்டு வேரோடு பிடுங்கினோம். மேல் வரிசையில் இருக்கும் வெள்ளைக்காரர் கல்லறைகள் பளிச்சென்று தெரிந்தன. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஐப்பசி வந்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மலை சரிந்ததை மறக்காதவர்கள் நாம். அப்படியிருந்தும் சரிவில் மண்ணைப் பிடித்து நின்ற வேரை நாமே பிடுங்கிப் போட்டிருந்தோம். ஒரே ராத்திரியில் மேல் வரிசை மண் கரைந்து கீழே இறங்கியது. இரண்டு கல்லறைகள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டன. சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். நாம் கிளறிவிட்ட இடத்திலெல்லாம் அது கீரைப்பாத்தி மாதிரி முளைத்து நின்றது. திட்டம் போட்டவன் நான்தான், மழையைக் குறை சொல்ல முடியாது.

இப்போது தரையை ஒட்டி அறுப்பதோடு சரி, வேரைத் தொடுவதில்லை. துளிர்த்தால் மறுபடி அறுக்கிறோம். கல்லறைக்கு நடுவே முளைத்த மரத்துக்கும் இதே வைத்தியம்தான். இழுத்தால் கட்டடமும் கூடவே வரும்.

இன்னொரு தவறு, நம் இளைஞர் ஒருவர் ஆர்வக்கோளாறில் செய்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பளிங்குக் கல்லில் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டார். பளிங்கு சுண்ணாம்பு இனம், ஆசிட் பட்டால் கரையும். பாசி போனது, எழுத்தின் விளிம்பும் போனது. இனி தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் மட்டுமே. சிமெண்ட் மூட்டை தருவதாகச் சொன்ன அன்பருக்கு நன்றி, ஆனால் வேண்டாம். பழைய கட்டு சுண்ணாம்புக் காரை. உள்ளே போன ஈரம் அதன் வழியாக வெளியேறும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை உதிர்க்கும்.

படிப்பதற்கு ஒரு வழி கண்டோம். பளிங்கில் பதித்திருந்த ஈய எழுத்துகளைப் பல இடங்களில் யாரோ நெம்பி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஈயம் பிடித்து நிற்கப் போட்ட சின்னச் சின்னத் துளைகள் மட்டும் மிச்சம். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் துளைகளில் நிழல் விழுகிறது. புள்ளிக்கோலம் போல அதைச் சேர்த்துக்கொண்டே போனால் பெயர் வந்துவிடுகிறது. ஒரு குழந்தையின் பெயரை அப்படித்தான் மூன்று பேர் உட்கார்ந்து எடுத்தோம்.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஒருநாள் போய்வந்தோம். ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் அடக்கம், சல்லிவன் இங்கிலாந்தில். மதராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் 1905-ல் பட்டியல் போட்டு அச்சிட்டார். அப்படிப்பட்ட பட்டியல்கள் உதவும்தான். ஆனால் கல் வைக்க வசதி இருந்தவர்களுக்குத்தான் அதில் இடம்.

கீழ்ச்சரிவில் கல்லே இல்லை. அங்கே அடக்கமானவர்கள் எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த நம் ஜனங்கள். மேடுகூடத் தெரியவில்லை, காடு என்றுதான் நினைத்திருந்தோம். மழை விட்டபின், ஓடைக்கரையில் தானாக வளருமே அந்த வெள்ளை லில்லி, அது புல்லுக்குள் நேர்கோட்டில் ஆறடிக்கு ஒன்றாக நிற்பதைப் பார்த்தோம். தானாக முளைத்த செடி வரிசையில் நிற்குமா? தலைமாட்டில் யாரோ நட்டவை.

கல்லறைத் திருநாளன்று ஒரு பாட்டியைப் பேரன் கைபிடித்துக் கூட்டி வந்தான். ஓரச் சுவரிலிருந்து லில்லித் தூர்களைத் தடியால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். ஐந்தாவதில் நின்று, "இதுதான் எங்கம்மா" என்றார். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. பேரன் தன் தொப்பியால் மறைத்துப் பிடித்துக்கொண்டான்.

பாதையைச் சீராக்க ஓர் அலுவலகத்தில் கொடுத்த மனு இன்னும் மேஜை மாறிக்கொண்டிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன்: வரும் வருஷம் மேல் வரிசையில் சாய்ந்த இரண்டை நிமிர்த்துவதோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச ஞாயிறுகளைக் கீழ்ச்சரிவுக்குக் கொடுப்போம். லில்லியை யாரும் அறுக்க வேண்டாம். லைன் வீடுகளில் வயதானவர்கள் இருந்தால் மழைக்கு முன்பே கூட்டி வாருங்கள். ஜீப் வளைவு வரைதான் வரும். அங்கிருந்து தூக்கி வர இரண்டு நாற்காலி வேண்டும். ஒன்றை நான் தருகிறேன்.