வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: கோப்பைக்குப் பதில் புத்தகம்

பெரியோர்களே, உறுப்பினர்களே, இந்தப் பனியிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது கிளை நூலக வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஆடி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனபோது மட்டும் ஒன்றைத் தள்ளி வைத்தோம். ஒழுகிக்கொண்டிருந்த கூரைத் தகடு மாற்றப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகம் சொல்ல வேண்டியது சனிக்கிழமைச் சிறுவர் வாசிப்பு பற்றித்தான். பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஆர்வம் வர ஏதாவது செய்ய வேண்டும் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டீர்கள். செயற்குழுவில் முதலில் வந்த யோசனை வினாடி வினா. கோப்பை, சான்றிதழ், சிறப்பு விருந்தினர். நான் அதை எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். முதலாம் பானிபட் போர் 1526 என்று முந்திக்கொண்டு சொல்லும் பிள்ளை அந்தப் போரைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்கும் என்று சொல்ல முடியாது. பேச்சு கொஞ்சம் சூடாகவே போனது. கடைசியில், கோப்பைக்கு நினைத்த பணத்தில் புத்தகம் வாங்குவது என்று முடிவாயிற்று.

வாசிப்புக்கு அதிகம் விதிகள் வைக்கவில்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம். "இது உன் வயசுக்கு இல்லை" என்று யாரும் பிடுங்கக் கூடாது. கதைச் சுருக்கம் எழுதச் சொல்லக் கூடாது. கடைசி விதியை ஏற்கச் சில ஆசிரியப் பெருமக்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள், நன்றி.

பிள்ளைகளுக்கு ஆண்டுகள் வெறும் எண்களாகவே இருந்தன. சோழன் ராஜராஜனும், நம் நீலகிரிக்கு வந்த வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவனும் ஒரே "அந்தக் காலத்தில்" வாழ்ந்தவர்கள். அதற்காக வாசல் நிலையிலிருந்து ஒரு கொடிக்கயிறு கட்டினோம். வாசல்தான் இன்று, அங்கிருந்து முழத்துக்கு நூறு ஆண்டு. படிக்கும்போது எதிர்ப்படும் ஆண்டைச் சீட்டில் எழுதி, துணி கிளிப்பால் கயிற்றில் மாட்டிவிட வேண்டும். பிள்ளைகள் தாங்கள் பிறந்த ஆண்டை மாட்டினார்கள், வாசலிலிருந்து சில விரற்கடைதான். ஊட்டிக்கு மலை ரயில் வந்த 1908 ஒரு முழத்தைத் தாண்டியதும் வந்துவிட்டது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985 பத்து முழம் தள்ளி. கீழடிக்கோ கயிறே போதவில்லை. தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறதே! சன்னல் வழியாக வராந்தா வரை இழுத்துக் கட்டினோம்.

கண்ணேரிமுக்கில் இருக்கும் சல்லிவன் நினைவகத்துக்கும் போய் வந்தோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819-இல். திரும்பும் வழியில் ஜீப்பிலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. நீலகிரியை அவர் "கண்டுபிடித்தார்" என்றால், அதற்கு முன்பே படகர் ஹட்டிகளிலும் தோடர் மந்துகளிலும் இருந்தவர்கள் யார்? அடுத்த சனிக்கிழமை அலமாரியைக் குடைந்தார்கள். 1818-இலேயே விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். 1603-இல் ஃபினிசியோ என்ற பாதிரியார் வந்து தோடர்களைப் பார்த்திருக்கிறார். 1117-ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டில், விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக வருகிறது. சிலப்பதிகாரத்துக் கால்கோட்காதையில் செங்குட்டுவனின் படை நீலகிரியின் பக்கம் தங்குகிறது. ஒவ்வொன்றாகச் சீட்டு ஏறியது. சிலம்புக்கு எந்த ஆண்டு போடுவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை. தீராமலே இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொன்னியின் செல்வனை முழுதாகப் படித்து முடித்தாள். நந்தினி கற்பனைப் பாத்திரம் என்று சொன்னதும் ஏமாந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். ஆதித்த கரிகாலன் கொலையாவது உண்மையா என்று கேட்டாள். உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தைக் கொடுத்தோம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலியோரின் பெயர்கள், அவர்களுடைய நிலம் விற்கப்பட்ட கணக்கு, எல்லாம் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. "அதைத்தானே எழுதியிருக்கணும்!" என்று அவளுக்குக் கல்வெட்டின் மேலேயே கோபம். இந்தக் கோபத்துக்கு எந்தக் கோப்பையும் ஈடில்லை என்பது என் கட்சி.

அப்புறம் 1964. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டது. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நம் நீலகிரி மாவட்டத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. ஒப்பந்தம் பற்றி நாங்கள் வைத்திருந்தது ஒரு சிறு நூல். பின் வரிசையில் பந்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் அதைப் புரட்டிவிட்டு, மறுவாரம் தன் அப்பாயியையே கூட்டிவந்துவிட்டான், கையில் அவர் பத்திரப்படுத்தியிருந்த, தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை. தலைமன்னாரில் கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் காத்திருந்தது எல்லாம் சொன்னார். அவர் சொன்ன ஆண்டும் அட்டையில் இருந்த ஆண்டும் பொருந்தவில்லை. எதைச் சீட்டில் எழுதுவது? "அட்டையில அதிகாரி எழுதினது, நான் நடந்து வந்தவ" என்றார் அப்பாயி. சரி என்று இரண்டையும் எழுதி மாட்டினோம். அந்தப் பையன் இப்போது பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலும் அட்டை கேட்டு அலைகிறான். பெரியவர்கள் அவனை விரட்டாமல் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துச் சில புத்தகங்கள் வீணாகிவிட்டன. அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றைப் போட்டு வைத்ததில் இப்போது பரவாயில்லை. நன்கொடையாகப் பழைய பத்தாம் வகுப்பு கைடுகளைக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், எடைக்குப் போடத்தான் முடிகிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, கதவு சரியாகப் பொருந்தும் இரும்பு அலமாரி ஒன்று. இன்னொன்று, பிள்ளைகளைக் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலை ரயிலில் அழைத்துப் போக அனுமதி. 1899-இல் குன்னூர் வரை வந்த ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர ஏன் ஒன்பது ஆண்டு ஆயிற்று என்று கேட்டுத் துளைக்கிறார்கள். தண்டவாளத்து நடுவே இருக்கும் பல்சட்டத்தை முதலில் பார்த்துவிட்டு வந்து படிக்கட்டும்.

இந்த அறிக்கைக்கு ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, பொருளாளர் கணக்கை வாசிப்பார்.