ஆறு இழுப்பறைக்கே வெட்டு

அன்புள்ள குமரா,

துணி வைக்கும் இழுப்பறை அலமாரிக்கு நீ வரைந்து அனுப்பிய புதுப் படம் கிடைத்தது. முதல் படத்தில் 1200 மி.மீ. அகலம், 800 உயரம், இரண்டு வரிசையாக ஆறு இழுப்பறை இருந்தது. எந்த இழுப்பறையில் யார் துணி என்றுகூட சுதா அழகாக எழுதியிருந்தாள். இப்போது 600 அகலம், 1100 உயரம், நான்கே இழுப்பறை. ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆழம் இரண்டிலும் 480தான். உயரம் கூடி, பெட்டியின் எடை குறைந்தால், மேல் இழுப்பறைகளைத் துணியோடு முழுக்க இழுத்ததும் முன்பக்கம் சாயும். எது செய்தாலும் சுவரோடு பிணைக்கத்தான் வேண்டும். மேல்சட்டத்திலிருந்து எல் வடிவ உலோகப் பட்டை, சுவருக்கு நல்ல பிளக், ஸ்குரூ. பின்பக்கத்து 6 மி.மீ. பிளைவுட்டில் ஸ்குரூ போட்டால் பிய்ந்துகொண்டு வந்துவிடும். இருந்தாலும் அகலமானதே நல்லது.

கணக்கு இது: 1200-ல் இரண்டு பக்கப்பலகை, ஒரு நடுப்பலகை, 18 மி.மீ. கனத்தில் மூன்றும் சேர்ந்து 54 போனால் 1146. பாதி 573. இழுப்பறை ஓடும் டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 விட்டால் இழுப்பறைப் பெட்டியின் வெளி அகலம் 547. இழுப்பறையின் முகப்புப் பலகை அலமாரிக்குள் அடங்கி நிற்பதால் 450 மி.மீ. நீளச் சேனலை முன்விளிம்பிலிருந்து முகப்பின் கனம் அளவு உள்ளே தள்ளிப் பொருத்து. ஆனால் 18 என்று விற்கிற பலகை பல நேரம் 17.5-தான் இருக்கும். முதலில் காலிப்பரால் அள, பிறகு கணக்குப் போடு. இழுப்பறைப் பெட்டி 2 மி.மீ. பெருத்தாலும் சேனல் இறுகும், சிறுத்தால் தடதடக்கும். இழுப்பறையின் அடிப்பலகை சொருகக் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போதும் அப்படித்தான்: கீழ்விளிம்பிலிருந்து 10 தள்ளி, 6 ஆழம், அகலம் மட்டும் கையில் இருக்கும் பிளைவுட்டின் உண்மையான கனத்துக்கு.

நடுப்பலகையில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். முன்னால் 573, பின்னால் 570 என்று நின்றுவிடும், இழுப்பறை பாதி தூரம் போய்ச் சிக்கும். ஒரே நீளத்தில் இரண்டு கட்டை வெட்டி, முன்னொன்று பின்னொன்று கொடுத்துவிட்டுப் பசை போடு. பசை தொடுமுன் ஒருமுறை வெறுமனே கோத்துப் பார். கிளாம்ப் இறுக்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அள. வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் திசையில் கிளாம்பைச் சற்றே சாய்த்து இறுக்கு. பசை பிடித்த பிறகு அளந்து பயனில்லை. உன் கை உளியில் என் கையைவிடச் சுத்தம், அதில் எனக்குப் பெருமைதான். அவசரம்தான் உன்னைக் கெடுக்கும்.

மேற்பலகை பிளைவுட்டாக இல்லாமல் முழு மரமானால் பசை வைத்து ஒட்டாதே. ரேகைக்குக் குறுக்கே அது ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். கட்டிப்போட்டால் வெடிக்கும். நீள்துளை போட்டு அடியிலிருந்து ஸ்குரூ கொடு. சித்தப்பா வீட்டு அலமாரி மழைக்காலத்தில் படுத்திய பாடு உனக்கே தெரியும்.

முகப்புகளைக் கடைசியில் மாட்டு. சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளிக்குத் தகட்டுத் துண்டு சொருகி, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி நிறுத்தி, உள்ளிருந்து ஸ்குரூ. இழுப்பறைப் பெட்டியில் துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிறகு நகர்த்திக்கொள்ளலாம்.

கடிதம் என்று மூன்று வரி எழுதுகிறாய், சுதா பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அம்மா இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். அகலத்தைக் குறைக்காதே, குமரா.

ஒருவேளை 600-க்கு வெட்டியாகிவிட்டது என்றாலும் மோசமில்லை. உயரத்தை 800-க்கு அறுத்துவிட்டு, அதே அளவில் இன்னொரு பெட்டி செய். இரண்டையும் மட்டமான தரையில் ஒட்டி நிறுத்தி, முன்விளிம்பு சேர கிளாம்ப் போட்டு, பக்கப்பலகைகளை ஊடுருவி நாலு இணைப்பு போல்ட் கொடுத்து, மேலே ஒரே பலகை போட்டுவிடு. நடுவில் பலகை இரட்டையாக வருவதால் இழுப்பறை கொஞ்சம் சிறுக்கும், கணக்கை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள். வெட்டியாயிற்றா இல்லையா என்பதை மட்டும் உடனே எழுது.

அப்பா