ஒரு சாண் உயர ஸ்டூலுக்கும், அதைக் கொடுத்தனுப்பிய வீட்டுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றுக் காலையில் டாக்டர் என்னை ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னார். இடது காலில் மூன்று தாண்டல், வலது காலில் மூன்று தாண்டல். தரையில் டேப்பை விரித்து இரண்டையும் அளந்தார். திரும்பவும் ஒருமுறை தாண்டச் சொல்லி அளந்தார். அப்புறம் நிமிர்ந்து, "சரிம்மா, இனி ஃபுட்பால் ஆடலாம்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். தள்ளிப்போட்டால் சரியாகச் சொல்ல வராது என்று பயம்.

ஆட்டத்தில் என் முட்டி ஜவ்வு எப்படிக் கிழிந்தது என்று மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு மைதானத்தில் இருந்தீர்கள், மீதிப் பேர் வீடியோவில் பார்த்தீர்கள். நான் இன்னும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கும், "முட்டி மடங்கலைன்னா நான் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று மடக்க வைத்த பிசியோ அக்காவுக்கும், காப்பீட்டு அட்டைக்காக மூன்று ஆபீஸ் ஏறி இறங்கிய மாமாவுக்கும், கல்லூரி சீனியர்களுக்கும், பணம் போட்டுவிட்டுப் பெயரைச் சொல்லாதவர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து என் தொடையை இஞ்சு டேப்பால் அளந்து நோட்டில் எழுதிவைத்த என் டீம் பிள்ளைகளுக்கும் நன்றி. அன்றைக்கு என்னோடு மோதிய எதிரணி டிஃபெண்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கச்சி, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ என்னைத் தொடுவதற்கு முன்னாலேயே என் கால் திரும்பிவிட்டது. நீ ராத்திரி தூங்காமல் கிடந்தது போதும்.

அடுத்த சீசனுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்த கிளப்பிலிருந்து அதற்கப்புறம் போன் வரவில்லை. அது வலித்தது. இப்போது அதைப் பேச எனக்கு விருப்பமில்லை. பேச வேண்டியவர் வேறு ஒருவர் இருக்கிறார்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை ரோட்டில் வலையங்குளத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் பெரியார் நிலையத்துக்குப் போக ஒரு டவுன் பஸ், அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு கோரிப்பாளையம் போக வேண்டும். ஆட்டோ வைத்தால் போக வர ஆகும் காசு அப்பாவின் ஒரு நாள் கூலிக்கு மேல். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் பஸ்தான் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் பஸ் வந்து நின்றபோதுதான் படி எவ்வளவு உயரம் என்று கண்ணில் பட்டது. பதினெட்டு வருஷம் ஓடி ஏறி ஓடி இறங்கிய படி. முட்டியை நேராகப் பூட்டி வைக்கும் பிரேஸோடு, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலோடு அந்தப் படியில் கால் வைக்க முடியவில்லை. பின்னால் பூ மூட்டையோடு நின்ற அத்தைகள் என்னைத் தூக்கித்தான் உள்ளே ஏற்றினார்கள். அம்மாவுக்கு முன்னால் அப்படித் தூக்கி ஏற்றப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அண்ணன் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்து எப்ப பாப்பா வருவ?" என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை என்றேன்.

புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் இருபதடி தள்ளி, நான் உட்கார்ந்திருந்த வேப்பமரத் திண்டுக்கு நேராக வந்து நின்றது. முன்வாசலில் அண்ணன் இறங்கினார். கையில் ஒரு மர ஸ்டூல். ஒரு சாண் உயரம் இருக்கும். தேய்ந்து வழவழவென்று இருந்தது, ஒரு ஓரத்தில் அரிவாள் பட்ட தழும்பு. அதைப் படிக்குக் கீழே வைத்து, ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்து, "ஏறு பாப்பா, மெதுவா. நல்ல காலை முதல்ல வையி" என்றார்.

ஏறினேன். யாரும் என்னைத் தூக்கவில்லை.

அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு சாண் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் தெரியவில்லை. அன்றைக்கு பிசியோவில் முதல்முறையாக அழாமல் முட்டியை மடக்கினேன். நாற்பது டிகிரியோ என்னவோதான் வந்தது. வந்தது.

அதற்கப்புறம் நான்கு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த ஸ்டூல் வந்தது. அண்ணனுக்கு டூட்டி மாறும் நாட்களில் அடுத்த கண்டக்டரிடம் சொல்லி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். அழகர் ஆற்றில் இறங்கின வாரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கும் ஸ்டூல் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் ஏறினார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த பஸ் என்னால் தினமும் இரண்டு நிமிஷமாவது தாமதமாகியிருக்கும். டிரைவர் அண்ணன் அதைப் பெருங்குடி தாண்டி எப்படியோ சரிக்கட்டிவிடுவார்.

நான்காவது வாரம்தான் கண்டக்டர் அண்ணன் என் காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். "கீழ விழுந்தியா பாப்பா?"

"இல்லண்ணே, ஃபுட்பால் ஆடுறப்ப. ஜவ்வு கிழிஞ்சிருச்சு."

"பொம்பளப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால்ல பெரிய மேட்ச்செல்லாம் இருக்கா?"

இந்தியன் விமன்ஸ் லீக் பற்றிச் சொன்னேன். முதல் சீசன் 2017-ல் டெல்லியில் ஆறு டீமை வைத்து நடந்தது என்று சொன்னேன். எல்லா டீமும் ஒரே ஊரில் தங்கிச் சில வாரத்தில் ஆடி முடிக்கும் போட்டியாகத்தான் முதலில் இருந்தது, 2023-24 சீசனில் இருந்துதான் ஆண்களுக்குப் போலச் சொந்த மைதானம், வெளி மைதானம் என்று ஆடுகிறார்கள் என்றேன். அப்புறம் சொன்னேன்: "நம்ம மதுரை டீமு அந்த லீக்க ஜெயிச்சிருக்குண்ணே."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சேது எஃப்.சி. 2019 மே 22, லூதியானா. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஃபைனலில் ஜெயித்தார்கள். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்று இருந்த நாட்டில், அந்த மணிப்பூர் அணியை ஜெயித்தார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. எங்கள் பி.டி. டீச்சர் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து ஃபோட்டோவைக் காட்டி, "இது நம்ம ஊருடி" என்றார். நான் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பூக்கார அத்தை ஒருவர், "நம்ம ஊருக்காரியா சாமி அத்தனை பேரும்?" என்று கேட்டார். இல்லை அத்தை, பல ஊர்ப் பிள்ளைகள் என்றேன். கடலூர் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினவர், அவர் இப்போது போலீஸ் எஸ்.ஐ. நேபாளத்து சபித்ரா பண்டாரி அதே சீசனில் சேதுவுக்காகக் கோல் மேல் கோல் போட்டார், பிறகு பிரான்ஸில் கெங்காம் கிளப் வரை போய் ஆடினார். "எஸ்.ஐ.யா!" என்பதுதான் பஸ்ஸில் எல்லோருக்கும் பிடித்த செய்தி. அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணைப் பந்து விளையாட விட வேண்டும் என்றால் வேலை என்ற ஒரு சொல்தான் கதவைத் திறக்கும்.

"சம்பளம் குடுப்பாய்ங்களா?" என்று அண்ணன் கேட்டார். லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அறிவித்தது என்றேன். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப பதினோராவது பிள்ளைக்கு?" என்றார். அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒரு கால்பந்துக்காரர்கூட என்னிடம் கேட்டதில்லை.

அதிலிருந்து அண்ணன் எனக்கு முன்னாலேயே செய்தியைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார். 2025 ஜூலை 5 சனிக்கிழமை, தாய்லாந்து மண்ணிலேயே தாய்லாந்தை 2-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். திங்கட்கிழமை ஸ்டூலைக் கீழே வைக்கும்போதே, "சங்கீதா சங்கீதான்னு ஒரு பிள்ள, பாத்தியா!" என்றார். அதைப் பூக்கார அத்தைகளுக்கு வில்லாபுரம் வரை விளக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு ஒரு முழம் மல்லிகை கிடைத்தது, காசு வாங்கவில்லை. சங்கீதாவுக்குச் சேர வேண்டிய பூ என் தலையில் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என் ஸ்டூலுதான்" என்றார். கண்டக்டர் அண்ணனின் வீட்டம்மா. காய் நறுக்க உட்காரும் ஸ்டூலாம், கல்யாணத்துக்கு அவருடைய அப்பா செய்து கொடுத்தது. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அப்ப நீங்க எதுலக்கா உக்காந்து நறுக்குறீங்க?" என்றேன். "தரையிலதான். எனக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். மூன்று மாதமாக ஒரு பெண் முகம் தெரியாத எனக்காகத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார். நான் மூன்று மாதமாக அந்த ஸ்டூலுக்கு அண்ணனிடம் மட்டும் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அக்கா, இந்த மடல் முதலில் உங்களுக்கு.

உங்கள் பெயரையும் அண்ணன் பெயரையும் பஸ் நம்பரையும் நான் எழுதவில்லை. நிறுத்தத்தில் இல்லாமல் வண்டியை நிறுத்தினதற்கு யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று அண்ணன் சொன்னார், அதனால்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

படுத்துக் கிடந்த நாட்களில் நிறைய யோசித்தேன். ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கிற அந்த ஜவ்வு, கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பிசியோ அக்கா சொன்னார். இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடியும் விதம், தொடைத் தசையின் பலம் என்று பல காரணம். எங்களுக்கு இன்னும் இரண்டு சேரும். கோடையில் கண்மாய்க்குள் ஆடுகிற தரை ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். காலில் போடுகிற பூட்டோ ஆம்பளை பூட். என் முதல் பூட் அண்ணன் முறை உள்ளவரின் பழசு, முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்கெல்லாம் நான் யாரையும் குறை சொல்லவில்லை, அதுவாவது கிடைத்ததே என்று அன்றைக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம் முறையாக உடம்பைத் தயார்ப்படுத்தினால் இந்தக் காயங்களில் பலவற்றைத் தடுக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஃபிஃபா 11 பிளஸ் என்று அதற்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. கூன் இல்லாமல் ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து, முட்டி உள்ளே சாயாமல் லேசாக மடக்கி இறங்குவது. ஒரு பைசா செலவில்லை. எனக்கு அது ஆஸ்பத்திரியில் போய்த்தான் தெரிந்தது.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், எல்லோர் முன்னாலும் சொன்னால் மாற முடியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினாறு பேர் சனி ஞாயிறு கண்மாயில் ஆடுகிறார்கள். நான் ஊரில் இருக்கிற ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்த இருபது நிமிஷம் அவர்களோடு நிற்பேன். லீக்கில் எனக்கு இடம் கிடைத்தாலும் நிற்பேன், கிடைக்காவிட்டாலும் நிற்பேன். அடுத்த சீசன் தேர்வுக்குப் போவேன். இருபத்தொரு வயதுதான் ஆகிறது.

செப்டம்பரில் ஒரு நாள் ஊன்றுகோல் இல்லாமல் பின்வாசலில் ஏறினேன். அண்ணன் முன்வாசலில் ஸ்டூலை வைத்துக்கொண்டு கீழே நின்றிருந்தார். நான் உள்ளே இருந்து கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்து விசில் கொடுத்தார். கண்ணாடியில் டிரைவர் அண்ணன் பார்த்தார். அடுத்த நாளே ஸ்டூலை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டாராம். பூ மூட்டை தூக்கும் பெரியாத்தா ஒருவருக்கு இப்போது முட்டி வலி. அவருக்கு அது ஆகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எங்களுக்கு ஒரு நட்பு ஆட்டம் இருக்கிறது. டாக்டர் கடைசி இருபது நிமிஷம்தான் அனுமதித்திருக்கிறார். அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு வார ஓய்வு என்று விசாரித்துவிட்டேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படிக்கட்டு கேலரியில் நிழல் விழுகிற பக்கம் இரண்டு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.