ஏர் ஹாரனைக் கழற்றிவிடுங்கள், அண்ணா

புதுவை - கடலூர் - சிதம்பரம் தடத்தில் பஸ் ஓட்டும் அண்ணன்மார்களுக்கும், அந்த பஸ்களின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். என் அப்பா உங்களில் ஒருவர். இதே தடத்தில் 27 வருஷம் தனியார் பஸ் ஓட்டினார். இப்போது வீட்டோடு இருக்கிறார். என் மகள் பக்கத்தில் நின்று "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "யார் வந்திருக்கா?" என்று வாசலைப் பார்க்கிறார். ராத்திரியில் காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதாகச் சொல்லி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். வயசாகிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலை பார்த்தீங்க?" என்பதுதான். இடது காதைவிட வலது காது மோசமாக இருந்தது. ஜன்னல் பக்கத்துக் காது.

டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உட்காதில் நத்தைக்கூடு போல ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. பெருஞ்சத்தத்தில் செத்த செல் திரும்ப முளைக்காது. அந்தப் பாதிப்பை மாத்திரையாலோ ஆபரேஷனாலோ சரிசெய்ய முடியாது. முதலில் போவது கீச்சென்ற மேல்ஸ்தாயி ஒலிகள். அதனால் குழந்தைகளின் குரலும், ச, த, க போன்ற எழுத்துகளின் ஓசையும் கரைந்துபோகும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது புரியாது. அப்பாவுக்கு நடந்திருப்பது இதுதான்.

எவ்வளவு சத்தம் எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி நேரம், 100க்கு 15 நிமிடம், 109க்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. பக்கத்தில் நின்றால் ஏர் ஹாரன் 110ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஆல்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை அடிக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். எதிரே வருகிறவர் அடிப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் போகிறவர் அதை ஒரு முறை கேட்டுத் திடுக்கிடுகிறார். நீங்கள் நாள் முழுக்க அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சாலையோரத்துக்காரர்கள் பாடு வேறு. தூக்கத்திலும் காது திறந்துதான் இருக்கிறது. ஆள் விழிக்காவிட்டாலும் சத்தத்துக்கு இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் இதய நோய் வரை கொண்டுபோய் விடும். மஞ்சக்குப்பத்தில் அரசு மருத்துவமனை, கிருமாம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி என்று நம் தடத்திலேயே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. மோட்டார் வாகன விதி 119 அலறும் ஹாரனையும் பல சுர ஹாரனையும் தடை செய்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. இரண்டுமே மத்திய விதிகள், தமிழ்நாடு - புதுவை எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். வண்டியின் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போது ஏர் ஹாரனைக் கழற்றி வைப்பதும், வந்ததும் மாட்டுவதும் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உரிமையாளர்களே, இனி உங்களிடம். ஓட்டுநர் ஆசைக்காக ஹாரன் அடிப்பதில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவே சில நிமிஷம்தான் இடைவெளி. டைமிங் தவறினால் ஸ்டாண்டில் சண்டை, கலெக்‌ஷன் குறைந்தால் பேட்டாவில் அடி. அந்த அவசரம்தான் ஹாரனாக அலறுகிறது. ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஹாரனை வாங்கிப் பொருத்துவது உங்கள் காசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் தெருவில் செல்போன் டவர் வரப்போகிறது என்றதும், கதிர்வீச்சு என்று மொத்தத் தெருவும் திரண்டது. அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்தக் கதிர்வீச்சை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற பட்டியலில் வைத்தது, ஆனால் ஆதாரம் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. எக்ஸ்ரே போல செல்லை உடைக்கும் சக்தி இதற்குக் கிடையாது. தூரம் கூடக் கூட வீரியம் வெகுவாகக் குறையும். டவரைவிட, காதோடு ஒட்டிப் பிடிக்கும் போனிலிருந்துதான் தலைக்கு அதிகம் போகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் போன் இன்னும் கூடுதல் சக்தியோடு அலை வீசும். ஸ்பீக்கரில் போட்டுச் சுருக்கமாகப் பேசினால் பெருமளவு குறைந்துவிடும். சரி, டவருக்குத் திரண்ட அதே தெரு, நிச்சயமாகக் காதைக் கெடுக்கும் ஹாரனுக்கு ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடலை நான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏர் ஹாரனைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த சாதா ஹாரனோடு ஓட்டுங்கள். ஒரு வண்டி மட்டும் கழற்றினால் அவருக்குத்தான் நஷ்டம் என்பீர்கள், அதனால் தடம் முழுக்க ஒரே நாளில் கழற்றுங்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்து டைமிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பேசுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுநர், நடத்துநர் எல்லாருக்கும் காது பரிசோதனை செய்யுங்கள். அறைக்குள் உட்கார வைத்து பீப் ஒலி கேட்கிறதா என்று பார்ப்பதுதான், வலி கிடையாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் சங்கக் கூட்டம் எப்போது என்று சொன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பழைய சிநேகிதர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். இடது பக்கமாக உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கும்.

இப்படிக்கு,
ஒரு ஓட்டுநரின் மகள்,
கடலூர்