ஞாயிறு மதியப் படங்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தடங்கலுக்கு வருந்துகிறேன். இடது கண்ணில் புரை நீக்கினார்கள். பத்து நாள் எதையும் படிக்கக் கூடாதென்று வீட்டில் காவல் போட்டுவிட்டார்கள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. கூடத்துச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

சும்மா கிடந்த அந்தப் பத்து நாளும் நீ எழுதிய ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "தூர்தர்ஷனின் சென்னைத் தொலைக்காட்சியை இப்போது யார் பார்க்கிறார்கள்? இழுத்து மூடினால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாய். வேறு யார் கேட்டாலும் பேசாமல் இருந்திருப்பேன். நீ கேட்கலாமா?

விடுதிக் கூடம் நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 'ஒளியும் ஒலியும்' என்றால் ஜன்னல் கம்பியில்கூட ஆள் தொங்குவான். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் தொடங்கியதும் அந்தக் கூட்டம் அப்படியே கலைந்துவிடும். மிஞ்சுவது நீ, நான், தூங்கிப்போன காவலாளி. வங்காளமும் மலையாளமும் அசாமியமும் நமக்கு அறிமுகமானது அங்கேதான். அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாய், பாதி தப்பாக. அந்தப் படங்களை எந்தத் தியேட்டர்காரர் நம் ஊருக்குக் கொண்டுவந்திருப்பார்? தலையை எண்ணியிருந்தால் அன்றைக்கே மூடியிருக்க வேண்டும். கூடத்தில் இரண்டரைப் பேர்தானே இருந்தோம்!

காட்டியது மட்டுமில்லை, எடுக்கவும் பணம் கொடுத்தார்கள். பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' தூர்தர்ஷன் தயாரித்த படம், 1989. மனைவியை இழந்து நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்து ஒண்டுகிற ஒரு முதியவர், அவ்வளவுதான் கதை. நாயகன் சொக்கலிங்க பாகவதர், பழைய நாடகக்காரர். எண்பது வயதுக்காரரை நடுவில் வைத்து ஒரு படம் என்று கோடம்பாக்கத்தில் யாரிடமாவது போய்ச் சொல்லிப்பார். காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போட்ட பணம் முதல் வாரத்திலேயே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஓர் இடம் இருந்ததால் அந்தப் படம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாடகங்களை நாம் கேலி செய்வோம், அட்டைச் சுவர் ஆடுகிறது என்று. ஆனாலும் சபா நாடகக்காரர்களுக்குக் கேமராவுக்கு முன் எப்படி நிற்பது என்று அந்த ஆடும் சுவர்தானே கற்றுக்கொடுத்தது?

என் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டுகிற ஒருவரைப் பின்தொடர்ந்து இரண்டு வருடம் அலைந்து ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு நிமிடம். ஒரு தனியார் சேனலுக்கு எடுத்துப்போனாள், "இதில் பிரபலம் யாரம்மா?" என்று கேட்டார்களாம். யூடியூபில் போடு என்கிறார்கள் எல்லோரும். போடலாம். ஆனால் அடுத்த படத்துக்கு அது காசு கொடுக்காதே! ஒலிப்பதிவாளருக்கே இன்னும் பாக்கி வைத்திருக்கிறாள்.

பிரிட்டனில் உள்ள வேல்ஸ் பகுதியின் கதை உனக்குத் தெரியுமா? அங்கே பேசும் வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவதாகத் தேர்தலில் சொன்ன தாட்சரின் கட்சி, ஆட்சிக்கு வந்தபின் பின்வாங்கியது. க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற அரசியல் தலைவர் 1980இல், சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போகிறேன் என்று அறிவித்தார். உண்ணாவிரதத்துக்கு நம்மிடம் ஆயிரம் காரணம் உண்டு, டிவி சேனலுக்காக ஒருவர் பட்டினி கிடக்கத் துணிந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர் தொடங்குவதற்கு முன்பே தாட்சர் அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் எஸ்4சி என்ற வெல்ஷ் சேனல் வந்தது. பத்தே ஆண்டில் அந்தச் சேனலுக்காக எடுத்த 'ஹெட் வின்' என்ற படம், முதல் உலகப்போரில் மாண்ட ஒரு வெல்ஷ் கவிஞனின் கதை, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பேசுகிறவர்கள் சில லட்சம் பேர்தான், நம் ஒரு மாவட்டத்துக்குக்கூடக் காணாது.

நீ உடனே, "நம் சேனல் அரசாங்கத்தின் ஊதுகுழல்தானே" என்பாய். ஒப்புக்கொள்கிறேன். 1975இல் நெருக்கடி நிலைக்கு நடுவில் பிறந்த நிலையம் அது, பிறவிக்குணம் போகவில்லை. தூர்தர்ஷனை நடத்தப் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வந்தும் பெரிதாக மாறிவிடவில்லை. 2000இல் பொதிகை என்றார்கள், 2024இல் டிடி தமிழ் என்றார்கள். பலகை மாற்றுவதில் காட்டிய சுறுசுறுப்பை நிகழ்ச்சியில் காட்டவில்லை. ஆனால் ஊதுகுழல் என்பதற்காக மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. ஸ்பெயினில் வலென்சியா பகுதிக்குச் சொந்தச் சேனல் இருந்தது, கானல் நோவ் என்று. ஆளும் கட்சிக்குச் சாமரம் வீசியே பேரைக் கெடுத்துக்கொண்டது. 2013 நவம்பரில் பணமில்லை என்று அரசே மூடியது. கடைசி மணிநேரங்களில் ஊழியர்கள் திரையில் தோன்றி, மறைத்த செய்திகளுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு திரை கறுத்துப்போனது. அதை நம்பியிருந்த டப்பிங் கலைஞர்களும் சிறு தயாரிப்பாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2018இல் வேறு பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டில் வேறு பிழைப்புத் தேடிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள்?

எனக்கு அந்தச் சேனல் முதலிடத்துக்கு வர வேண்டும் என்றெல்லாம் இல்லை. வாரம் ஒரு மணிநேரம், என் தங்கை மகளைப் போன்றவர்களுக்கு ஒதுக்கி, ஒழுங்காகக் கூலியும் கொடுத்தால் போதும். செலவு என்ன, ஒரு பாராட்டு விழாவின் பந்தல் செலவு ஆகுமா?

அது இருக்கட்டும். உன் அண்ணன் வாங்கிவந்த வீடியோ ரிக்கார்டரில் அந்தக் காலத்தில் எதை எதையோ பதிவு செய்து வைத்தாயே, அந்தக் கேசட்டுகள் பரணில்தானே இருக்கின்றன? வீடு மாற்றும் சாக்கில் தூக்கிப் போட்டுவிடாதே. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் வலது கண்ணும் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
பழைய அறைத்தோழன்