சுவருக்கு வண்ணம் அடித்தது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செல்லூர் பக்கம் தொண்டு நிறுவனங்களோடு கம்பெனி ஊழியர்கள் வருவதை மனதார வரவேற்கிறேன், வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை இந்தச் சந்துகளுக்குள் வர நல்ல மனசு வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கிற வேலைதான் சரியில்லை. ஒரே அங்கன்வாடிச் சுவருக்கு எத்தனை தடவை வண்ணம் அடிப்பது?

ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்றே தெரியாத பாட்டிகள், ஏழாம் வகுப்பு வந்தும் வகுத்தல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான் படித்த ஆள் துணை வேண்டும். 2024 அக்டோபர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது சான்றிதழ் நனைந்து போனவர்களுக்கு நகல் வாங்க உதவியிருந்தால்கூடப் பெரிய காரியம்.

2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் தரும் நேரத்தை அதில் பணமாகக் கணக்குக் காட்ட முடியாது. சரி, கணக்கில் வராவிட்டால் என்ன, இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்கா நிறுவனங்கள் மாதம் ஒரு நாள் ஊழியர்களைச் சம்பளத்தோடு அனுப்பலாமே, அதே ஆட்களை, அதே தெருவுக்கு.

அப்புறம் ஒன்று, காலை பத்து மணிக்கு வராதீர்கள், பெண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். மாலை ஆறுக்கு மேல் வாருங்கள்.

- ஒரு வாசகி, செல்லூர், மதுரை